எட்டாம் மாதத்தில் விடாத வயிற்று வலி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் ராத்திரியில் வயிறு வலிக்கிறது என்றால், அடுப்பில் முதலில் ஏறுவது சீரகத் தண்ணீர்தான். சூட்டு வலி என்றால் அதோடு அடங்கும், பிரசவ வலி என்றால் அடங்காமல் ஏறும் என்பது ஆயாக்களின், அதாவது பாட்டிகளின், கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு தப்புவதில்லை. தப்புகிற சில இரவுகளைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரவுகளில் கருப்பைச் சுவரிலிருந்து நஞ்சு (பிளசென்டா) பிரிந்திருக்கும். பழைய சிசேரியன் தழும்பு விட்டுக்கொண்டிருக்கும். ஈரலின் உறைக்குள் ரத்தம் கட்டியிருக்கும். குடல் முறுக்கியிருக்கும், குடல்வால் வெடித்திருக்கும், மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இருந்த புடைப்பு கிழிந்திருக்கும்.

இவற்றில் நஞ்சு பிரிதல் ஒன்றுதான் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வருவது. மற்றவை அபூர்வம். குடல்வால் அழற்சி ஏறக்குறைய 1,000 முதல் 1,500 கர்ப்பங்களுக்கு ஒன்று. கர்ப்பகாலக் கொழுப்பு ஈரல் நோய் 7,000 முதல் 20,000-க்கு ஒன்று. மண்ணீரல் தமனி வெடிப்பைப் பார்க்காமலே ஒரு மகப்பேறு மருத்துவர் ஓய்வு பெற்றுவிடலாம். ஆகவே எந்த நோய் என்று வீட்டிலிருப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இது வழக்கமான வலி இல்லை என்று நேரத்தோடு தெரிந்துகொண்டால் போதும். அதற்கு ஒரு கேள்வியும் ஓர் எண்ணும் உதவும். கேள்வி: "ஆத்தா, வலி விட்டு விட்டு வருதா, விடாம இருக்கா?" எண்: நாடித்துடிப்பு.

விடுகிற வலியும் விடாத வலியும்

பிரசவ வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மெல்ல எழும், உச்சிக்குப் போகும், நாற்பது அறுபது விநாடியில் இறங்கும், பிறகு முழுதாக விட்டுவிடும். அந்த விட்ட நேரத்தில் பெண் பேசுவாள், தண்ணீர் கேட்பாள், நடப்பாள். இதைக் கையாலேயே பார்க்கலாம். உள்ளங்கையைத் தொப்புளுக்கு மேல், கருப்பையின் உச்சியில் அழுத்தாமல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். வலி எழும்போது வயிறு நெற்றியைத் தொட்டதுபோல் இறுகும். விட்டதும் கன்னத்தைத் தொட்டதுபோல் தளர்ந்துவிட வேண்டும். இரண்டு வலிக்கு நடுவிலும் கைக்கு நெற்றியாகவே தட்டுப்பட்டால், அல்லது பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் இறுகினால், அது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். நஞ்சு பிரியும்போது கருப்பை ஓய்வே இல்லாமல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சின்னச் சின்னதாக இறுகிக்கொண்டே இருக்கும். இடையில் தளர்வதற்கு அவகாசம் கிடைக்காது.

அடுத்து, எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். பிரசவ வலியை யாரும் ஒரு விரலால் காட்டுவதில்லை. உள்ளங்கையால் அடிவயிறு முழுவதையும் தடவி இடுப்பைச் சுற்றிக் காட்டுவார்கள். விரல் வலது விலாவுக்குக் கீழேயே போய் நின்றாலோ, பழைய தையல் மேலேயே நின்றாலோ, இடது விலாவுக்குக் கீழே நின்றாலோ அதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது.

தோள்பட்டை வலியைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. தூக்கத்தில் பிடித்துக்கொண்டது என்று விட்டுவிடுவார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் பட்டால் வலி தோள் நுனியில் தெரியும், மல்லாந்து படுத்தால் கூடும். எட்டு மாதக் கர்ப்பிணி "படுத்தா தோளு வலிக்குது, உக்காந்தா தேவலை" என்றால் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கக்கூடாது.

வாந்தியும் அப்படித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தி மசக்கை ஆகாது. அதற்கு ஈரல், பித்தப்பை, கணையம், குடல், சிறுநீரகம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

உடம்பு ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

கர்ப்பம் முதிரும்போது உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு நாற்பது ஐம்பது சதவீதம் கூடிவிடுகிறது. பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. அதே ஏற்பாடு ஆபத்தை மூடியும் வைக்கிறது: ஒன்று ஒன்றரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்குள் போன பிறகும் பி.பி. 110/70 என்றே காட்டலாம். அதற்குள் உடம்பு குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துத்தான் தாயின் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பி.பி. விழுந்த பிறகுதான் கவலைப்படுவது என்றால் தாமதமாகக் கவலைப்படுகிறோம்.

நாடி முன்னாலேயே சொல்லிவிடும். கர்ப்பத்தில் இயல்பாகவே பத்து இருபது துடிப்பு கூடும், ஆனால் படுத்து ஓய்ந்திருக்கும் பெண்ணுக்கு 110, 120 என்று நிலையாக இருந்தால் அதை பயம், வலி என்று ஒதுக்கக்கூடாது. நாடியை மேல் பி.பி. எண்ணால் வகுத்துப் பாருங்கள். 84-ஐ 116-ஆல் வகுத்தால் 0.7, நிம்மதி. 118-ஐ 110-ஆல் வகுத்தால் 1-ஐத் தாண்டுகிறது. 0.9 தொட்டாலே எங்கோ ரத்தம் போகிறதா என்று தேட வேண்டும். செல்போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரும் இந்த ஒரு வகுத்தலைப் பழகிவிட்டால் எத்தனையோ பரிந்துரைகள் ஒரு மணி நேரம் முன்பே நடக்கும்.

வயிறு இறுகிக் கல்லாகும் அறிகுறியும் கர்ப்பத்தில் ஏமாற்றும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவினால் மற்றவர்களுக்கு வயிற்றுத் தசை விறைத்துக்கொள்ளும். இங்கே பெரிதான கருப்பை வயிற்றுச் சுவரை முன்னால் தள்ளிவிடுவதால் உள்ளே இருக்கும் சீழ் அந்தச் சுவரைத் தொடுவதே இல்லை. அழுத்திப் பார்த்தால் மெத்தென்றே இருக்கும்.

ரத்தப் பரிசோதனைத் தாளிலும் இந்தக் குழப்பம் உண்டு, லேப் அச்சிடும் "நார்மல்" எண்கள் கர்ப்பிணிக்கானவை இல்லை என்பதால். வெள்ளணு 15,000 வரை போவது கர்ப்பத்தில் இயல்பு, பிரசவ வலியில் 25,000 கூட ஆகலாம். ஆகவே அது கூடியிருப்பதை வைத்துக் குடல்வால் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் நஞ்சிலிருந்தே வருவதால் இரண்டு மடங்கு இருக்கும். மறுபுறம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0 என்றால் லேப் தாளில் அடிக்கோடு விழாது, ஆனால் கர்ப்பிணிக்கு அது அதிகம். எல்லாவற்றிலும் முக்கியம் ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன். மற்றவர்களுக்கு 200 இயல்பு. ஒன்பது மாதக் கர்ப்பிணிக்கு 400-லிருந்து 600 வரை இருக்க வேண்டும். நஞ்சு பிரிந்தவளுக்கு 200 என்று வந்தால் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஒரு மணி நேரத்தில் ரத்தம் உறையாமல் போகலாம்.

நஞ்சும் பழைய தையலும்

கடைசி மூன்று மாதத்தில் விடாத வலி என்றால் முதலில் நினைக்க வேண்டியது நஞ்சு பிரிதலை. பி.பி. கூடியவர்கள், டூவீலரிலிருந்து விழுந்தவர்கள், முன்பு ஒருமுறை இப்படி ஆனவர்கள், பனிக்குட நீர் அதிகமாக இருந்து திடீரென உடைந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ரத்தம் வெளியே வந்தால் யாரும் தாமதிக்க மாட்டார்கள். ஆனால் ஐந்திலோ பத்திலோ ஒருவருக்கு ரத்தம் நஞ்சுக்குப் பின்னாலேயே தேங்கி ஒரு சொட்டும் வெளியே வருவதில்லை. பார்த்தால் வெளுத்துப்போய், வியர்த்து, வயிறு மரக்கட்டையாய் இருக்கும். இதில் பெரிய சறுக்கல் ஸ்கேன். நஞ்சு பிரிந்ததை ஸ்கேன் பாதிக்கு மேற்பட்ட நேரம் காட்டாது, ஏனென்றால் புதிதாகக் கட்டிய ரத்தமும் நஞ்சும் திரையில் ஒரே சாம்பல் நிறம். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்ற பதில் இந்த வலிக்குப் பொருந்தாது. கையும் குழந்தையின் இதயத்துடிப்பும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கீழே விழுந்தவர்களுக்கு இன்னொன்று. விழுந்த உடனே எல்லாம் சரியாக இருப்பதால் திரும்பிவிடுகிறார்கள். வலியே இல்லாவிட்டாலும் குறைந்தது நான்கு மணி நேரம் குழந்தையின் துடிப்பை மானிட்டரில் பார்க்க வேண்டும்; வயிறு இறுகிக்கொண்டிருந்தால் 24 மணி நேரம்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க லேப் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். சுத்தமான, உலர்ந்த, எந்த மருந்தும் தடவாத சிறிய கண்ணாடிக் குழாய் வேண்டும், பிளாஸ்டிக் சரிப்படாது. அதில் 2 மில்லி நரம்பு ரத்தத்தை விட்டு, குழாயை மூடிய உள்ளங்கைக்குள் பிடித்துச் சூடு போகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு நிமிடம் ஆனதும் மெதுவாகச் சாய்த்துப் பார்க்கலாம். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. உறைந்த ரத்தம் குழாயைக் கவிழ்த்தாலும் அடியிலேயே நிற்கும். ஏழு நிமிடம் ஆகியும் ஓடினால், அல்லது கட்டியது தளதளவென்று இருந்து லேசாகத் தட்டியதும் உடைந்தால், உறைதிறன் போய்விட்டது. இந்த ஒரு வரியைப் பரிந்துரைச் சீட்டில் எழுதிவிட்டால் அங்கே ரத்த வங்கியில் உறைய வைத்திருக்கும் பிளாஸ்மாவும், உறைதல் புரதம் நிறைந்த கிரையோவும் முன்னாலேயே உருகத் தொடங்கும்.

போன பிரசவம் சிசேரியன் என்றால் கருப்பை கிழிதலை மனதில் வைக்க வேண்டும். அடியில் குறுக்காகப் போட்ட தையலோடு சுகப்பிரசவத்துக்கு முயலும் ஆயிரம் பேரில் ஐந்து முதல் ஏழு பேருக்கு இது நேர்கிறது. தையல் மேலிருந்து கீழாகப் போட்டிருந்தால் ஆபத்து பலமடங்கு, அது வலி எடுக்கும் முன்பே கிழியலாம். ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மிக முக்கியம். தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் எப்படிப் போட்டார்கள் என்று சொல்லவே முடியாது. நார்த்திசுக் கட்டி எடுத்தவர்களுக்கும் கருப்பையில் தையல் உண்டு. கிழியும்போது எல்லோரும் எதிர்பார்ப்பது வீரிடும் வலியை. பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் துடிப்பு. பிறகு வலிக்கு நடுவிலும் தையலில் நோவு, சிறுநீரில் ரத்தம், நன்றாக எடுத்துக்கொண்டிருந்த வலி சட்டென்று நின்றுபோதல், கீழே இறங்கியிருந்த தலை மேலே ஏறுதல். வலி நின்றதும் வீட்டில் நிம்மதி வரும். இந்த ஒரு இடத்தில் அந்த நிம்மதிதான் ஆளைக் கொல்கிறது. பிரசவம் சீக்கிரம் ஆகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கருப்பையில் தையல் உள்ளவளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

வலது விலாவுக்குக் கீழே

கடைசி மாதங்களில் மேல்வயிற்று எரிச்சல் எல்லோருக்கும் உண்டு, அதனால்தான் இது தப்புகிறது. கேஸ் மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்வதற்கு முன்னால் பி.பி. பார்த்து, சிறுநீரில் புரதம் பார்த்து, பிளேட்லெட்டும் ஈரல் என்சைமும் பார்க்க வேண்டும். ஹெல்ப் (HELLP) எனப்படும் நிலையில் சிவப்பணு உடைகிறது, ஈரல் என்சைம் 70-ஐத் தாண்டுகிறது, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. பத்தில் ஒருவருக்கு பி.பி. சரியாகவே இருக்கும். அந்த வலி ஈரலைச் சுற்றிய உறை இழுபடுவதால் வருவது. அபூர்வமாக உறைக்கு அடியில் ரத்தம் கட்டி, உறையே கிழிந்துவிடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கக்கூடாது, தடவி உருவி எண்ணெய் விடுவது அறவே கூடாது. மூன்றில் ஒரு பங்கு ஹெல்ப் பிரசவத்துக்குப் பிறகுதான், பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், வெளிப்படுகிறது. குழந்தை பிறந்துவிட்டது என்பதற்காகக் கண்காணிப்பை விடக்கூடாது.

கொழுப்பு ஈரல் நோய் இதைவிட மெதுவாக, நயவஞ்சகமாக வரும். இரண்டு மூன்று நாள் வாந்தி, சோறு பிடிக்காமை, தீராத தாகம், மேல்வயிற்றில் மந்தமான வலி, பிறகு கண் மஞ்சள். நம் பக்கம் கண் மஞ்சளானால் கீழாநெல்லிக்குப் போவார்கள், பத்தியம் இருப்பார்கள். மற்றவர்கள் விஷயம் வேறு. ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரைக் கருவி இங்கே மிகப் பெரிய துணை: 72-க்குக் கீழே இருந்தால் ஈரல் சர்க்கரையை வெளியிடும் வேலையைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. பிரசவம் பார்ப்பதுதான் சிகிச்சை. அதற்கு முன் சர்க்கரையையும் உறைதலையும் சரிசெய்ய வேண்டும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்து, முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறைகிற வலி கணையத்துடையது. பித்தக்கல் முதல் காரணம். கடைசி மூன்று மாதத்தில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறுவது இயல்பு. பரம்பரையாகவே அதிகம் உள்ளவர்களுக்கு அது 1,000-ஐத் தாண்டிக் கணையத்தைப் புண்ணாக்கும். அப்போது எடுத்த ரத்தக் குழாயைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மேலே தெளிநீருக்குப் பதில் பால் நிறத்தில் ஏடு நிற்கும். அதைப் பார்த்த லேப் டெக்னீஷியன் போன் செய்து சொல்லிவிட வேண்டும், ரிப்போர்ட் அச்சாகும்வரை வைத்திருக்கக்கூடாது.

குடலும் குடல்வாலும்

கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே ஏறிவிடும், ஆகவே வலியும் மேலேதான் இருக்கும் என்று பழைய பாடம் உண்டு. நடைமுறையில் எட்டு ஒன்பது மாதத்திலும் பெரும்பாலானோர் காட்டுவது வலது அடிவயிற்றைத்தான். சிலருக்கு மட்டும் விலாவோரம் போகும். குடல்வால் சிறுநீர்க் குழாயை உரசுவதால் சிறுநீரில் சீழ் அணுக்கள் வரும். "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டால் மூன்றாம் நாள் வெடித்துத் திரும்பி வரும். வெடிக்கும் முன் எடுத்துவிட்டால் நூற்றில் மூன்று முதல் ஐந்து குழந்தைகளை இழக்கிறோம். வெடித்த பிறகு இருபதிலிருந்து முப்பத்தைந்து. ஆபரேஷனைக் கண்டு பயந்து தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். அதே ஆபரேஷனில் குழந்தையையும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை; குழந்தை நன்றாக இருந்தால் உள்ளேயே வளர விடலாம்.

குடல் அடைப்பு இதைவிட அபூர்வம், இதைவிடத் தாமதமாகத் தெரிவது. முன்பு வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் ஒட்டிக்கொண்ட தசைநார்களில் குடல் மாட்டும். கருப்பை பெரிதாகிக் குடலைத் தூக்குவதால் பெருங்குடல் முறுக்கிக்கொள்வதும் மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அதிகம். கருப்பை இடுப்புக்கூட்டை விட்டு மேலே ஏறும் நான்கைந்தாம் மாதம், தலை கீழே இறங்கும் கடைசி வாரங்கள், பிரசவமானதும் கருப்பை சட்டென்று சுருங்கும் நேரம் ஆகிய மூன்றும் கவனிக்க வேண்டிய காலங்கள். மலச்சிக்கல் கர்ப்பிணிக்குப் புதிதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். புதிது என்னவென்றால், காற்றும் பிரியாதது. வாந்தி, முறுக்கி முறுக்கி வலி, காற்றும் மலமும் அறவே இல்லை, வயிற்றின் மேல்பகுதி உப்புதல் என்று சேர்ந்தால் எனிமா கொடுத்துப் பார்ப்போம் என்ற யோசனையே வேண்டாம். முறுக்கிய வலி விடாத வலியாக மாறும்போது அந்தக் குடலுக்கு ரத்தம் நின்றுபோயிருக்கும்.

திடீரென்று

கர்ப்பத்தில் வெடிக்கும் மண்ணீரல் தமனிப் புடைப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் வெடிக்கும். இடது விலாவுக்கு அடியில் கத்தி குத்தியதுபோல் வலி, இடது தோளில் வலி, மயக்கம். சிலருக்கு முதல் கசிவு இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறிய பையில் தேங்கித் தற்காலிகமாக அடைபடும். பெண் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், பி.பி. திரும்பிவிடும். சில மணி நேரத்தில் அந்தப் பை நிறைந்து வயிறு முழுக்கப் பரவும்போது மறு வாய்ப்பு இருக்காது. மயங்கி விழுந்து தெளிந்த கர்ப்பிணியை, தெளிந்துவிட்டாள் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது இதனால்தான். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களுக்கும், குழந்தைப்பேறு சிகிச்சையில் கருத்தரித்தவர்களுக்கும் கருப்பையின் பின்புறத்து ரத்தக்குழாய் தானாகவே கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் போவதுண்டு. கீழே ரத்தப்போக்கு இல்லை, ஆனால் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் இதை நினைக்க வேண்டும்.

பயமுறுத்தினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பலமாக இருமியவர்களுக்கு வயிற்றுத் தசை உறைக்குள் ரத்தம் கட்டலாம். ஒரு பக்கமாகக் கட்டி தெரியும், நடுக்கோட்டைத் தாண்டாது. தலையை மட்டும் தூக்கச் சொன்னால் வலி கூடும். உள்ளுறுப்பு வலி என்றால் அப்போது குறையும். இதை நஞ்சு பிரிதல் என்று எண்ணி அவசரமாகச் சிசேரியன் செய்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

எக்ஸ்ரே பயம்

ஒரு வயிற்று எக்ஸ்ரேயில் குழந்தைக்குச் சேரும் கதிர் 0.1 முதல் 3 மில்லிகிரே. சி.டி.யில் சுமார் 25. தீங்கு பற்றி யோசிக்க வேண்டிய அளவு 50-க்கு மேல், அதுவும் உறுப்புகள் உருவாகும் ஆரம்ப மாதங்களில். எட்டு மாதக் குழந்தைக்கு அந்தக் கதிரைவிட, அம்மாவின் குடல் அழுகும்வரை காத்திருப்பது எத்தனையோ மடங்கு மோசம். முதலில் அல்ட்ராசவுண்ட், நேரம் இருந்தால் சாய மருந்து இல்லாத எம்.ஆர்.ஐ., நேரம் இல்லாவிட்டால் தயங்காமல் சி.டி. குடும்பத்தார் கையெழுத்துப் போட மறுத்து இரண்டு மணி நேரம் போவதைத்தான் தாங்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் ஊசிக்கு யாரும் தயங்குவதில்லை. உண்மையில் கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதய ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடிவிடக்கூடிய மருந்து அதுதான்.

கிளம்பும்போது

செட்டிநாட்டு வீடுகளில் கிளம்புவதே ஒரு நடைமுறைச் சிக்கல். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். பெண் பின்கட்டில் படுத்திருக்க, 108 முகப்புத் தெருவில் வந்து நின்றால், வளவு எனும் உள்முற்றங்களையும் படிகளையும் தாண்டி ஸ்ட்ரெச்சர் போக வேண்டும். எந்தத் தெரு வாசலுக்கு வர வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள், அந்தக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு ஓர் ஆளை நிறுத்துங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும் என்றால், எட்டாம் மாதத்திலேயே பக்கத்து வீட்டில் யார் வருவார்கள் என்று பேசி வைத்துவிட வேண்டும். தைப்பூசப் பாதயாத்திரை நாட்களில் குன்றக்குடிப் பக்கச் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

108-இல் சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும்: "எட்டு மாசம், ரெண்டாவது பிள்ளை, மொதப் பிரசவம் ஆபரேஷன், ரெண்டு மணி நேரமா விடாத வயித்து வலி." புதுக்கோட்டை, சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் காரைக்குடியிலிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன, மதுரை ராஜாஜி மருத்துவமனை எண்பத்தைந்து, தொண்ணூறு. வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரம் கரைவதைவிட, புறப்படும் முன் ஒரு போன் செய்து நான்கு விஷயம் கேட்பது நல்லது. மயக்க மருந்து டாக்டர் இப்போது இருக்கிறாரா? சர்ஜன் வருவாரா? ரத்தம் இருக்கிறதா? பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. இருக்கிறதா? நான்கில் ஒன்று இல்லை என்றால் அடுத்த ஊர். ஆனால் நாடி ஓடிக்கொண்டு பெண் வெளுத்துப்போயிருந்தால், முதலில் கிடைக்கும் மருத்துவமனையில் ஊசிப் பாதை போட்டுத் திரவம் ஏற்றிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

வண்டியில் மல்லாக்கப் படுக்க வைக்கக்கூடாது. கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை நிறுத்தும். வலது இடுப்புக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து உடம்பை இடதுபுறம் 15 டிகிரி சாய்த்தால் போதும். வாயில் தண்ணீர், கஷாயம் எதுவும் வேண்டாம், ஆபரேஷன் ஆகலாம். கையில் இருக்க வேண்டியவை தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த வகை, வலி தொடங்கிய நேரமும் கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் எழுதிய துண்டுச் சீட்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. இரண்டு கையிலும் பெரிய ஊசி, 16 அல்லது 18 கேஜ். அந்த ஊசி வழியே ரத்தம் எடுத்து வகை பார்க்கவும், ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பி.பி. மிக அதிகமாகி, தலைவலியும் மேல்வயிற்று வலியும் இருந்தால் மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில் மெதுவாக, இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். 34 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் நுரையீரலுக்கு டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராமில் முதல் ஊசி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. தாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் மீதி மூன்றுக்காகக் காத்திருக்கக்கூடாது. வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று துடிக்க விடுவது தேவையற்ற கொடுமை; சரியான வலி மருந்து கண்டறிதலைக் கெடுப்பதில்லை.

இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும்போதே இன்னொருவர் இரண்டு கையாலும் கருப்பையை இடதுபுறம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் துடிப்பு திரும்பாவிட்டால் அதே இடத்தில் குழந்தையை எடுக்க வேண்டும், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகாமல். குழந்தைக்காக மட்டும் அல்ல. கருப்பை காலியானால்தான் தாயின் இதயத்துக்கு ரத்தம் திரும்பும்.

பிறகு

ஆர்.எச். நெகடிவ் தாய்க்கு வயிற்றில் அடிபட்டாலோ நஞ்சு பிரிந்தாலோ ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவசரத்தின் அமளியில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். ஹெல்ப் வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும். கருப்பை கிழிந்து தைத்தவர்களுக்கு அடுத்த குழந்தை வலி எடுக்கும் முன் சிசேரியன்தான், பெரும்பாலும் 36, 37 வாரத்தில். கொழுப்பு ஈரல் நோய் வந்தவளின் குழந்தைக்குக் கொழுப்பு அமிலத்தைச் செரிக்கும் என்சைம் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இருந்தால் அந்தக் குழந்தையைப் பட்டினி போடவே கூடாது. குடல்வால் எடுத்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, சுகப்பிரசவமே ஆகலாம். உள்ளே என்ன கண்டார்கள், எங்கே தைத்தார்கள், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, ஒரு படம் எடுத்துப் புகுந்த வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.